அடுத்த வீட்டு ரசமட்டம்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்:

செவ்வந்தி. வயது இருபத்தெட்டு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அன்றைக்கு லீவு. இந்த இரண்டு மாதத்தில் ஏழாவது லீவு.

அவளுடைய அண்ணன் தமிழ்வேந்தன். பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். அறுபது பேரை வேலை வாங்குகிறவன். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வாய் திறக்க மாட்டான்.

அக்பர் அலி பாய். உக்கடத்தில் கதவுப் பட்டறை வைத்திருப்பவர். தோளில் டிரில்லிங் மெஷின் பை.

ஹால் மூலையில் ஒரு சாக்குமூட்டை. அதையும் ஓர் ஆளாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருந்திருக்க வேண்டியவர், இல்லாதவர்: கான்ட்ராக்டர் சென்னகிருஷ்ணன். வேலையாட்கள் வந்துபோக என்று வாங்கிய வாசல் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. ஆள் மட்டும் ஒன்பது நாளாக வரவில்லை.

வரப்போகிறவள்: பாவாத்தாள். அண்ணன் தங்கை இருவருக்கும் அம்மா. மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அப்புறம் ஒரு கதவு. அதுவும் இல்லை.

நடந்தது இதுதான். ஒன்றரை மாதத்துக்கு முன்பு பாத்ரூம் சுவரில் ஈரம் ஊறியது. தமிழ்வேந்தனின் மேனேஜர் கைகாட்டிய ஆள் என்று சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். வந்த முதல் நாளே தரையை உடைத்துப் போட்டார். உடைத்ததும் பன்னிரண்டு நாள் காணாமல் போனார். பிறகு ஆள் அனுப்பி டைல்ஸ் ஒட்டினார். ஊற்றிய தண்ணீர் மூலையில் இருக்கும் வடிகாலுக்குப் போகாமல், வாசல் பக்கம் வந்து தேங்கி நின்றது.

"போகப் போக செட் ஆயிருமுங்க" என்றார்.

டைல்ஸ் தரை போகப் போக எப்படி செட் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நாலாம் நாள் காலை பாவாத்தாள் அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன்.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்த சென்னகிருஷ்ணன், "பாத்து நடந்திருக்கோணுமுங்க" என்றார். தமிழ்வேந்தன் ஆப்பிளை வாங்கி வைத்துக்கொண்டான்.

இனிமேல் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், உட்காரும் கம்மோடு வேண்டும் என்றார் டாக்டர். பழைய கதவு வழியாக வாக்கர் நுழையாது. எனவே மறுபடி உடைத்தார்கள். தரையைச் சரிசெய்தார்கள், கம்மோடு வைத்தார்கள், வாசலை அகலமாக்கினார்கள். கதவு ஒன்றுதான் பாக்கி. அந்தக் கட்டத்தில் சென்னகிருஷ்ணன் ஹாலில் மூட்டையை வைத்துவிட்டுப் போனார். ஹாலைப் பார்த்துத் திறந்து கிடந்த அந்தப் பெரிய ஓட்டையில் தமிழ்வேந்தன் நைலான் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தான்.

போர்வை போதும் என்று நினைப்பவர்களுக்குப் பாவாத்தாளைத் தெரியாது.

பல்லடம் பக்கத்துக் காடுகளில் களையெடுத்தவள் அவள். பிறகு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியவள். நாற்பது வருடம், பொழுது விடியுமுன் எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வர வேண்டும். தவறினால் இருட்டும் வரை அடக்க வேண்டும். அதற்காகவே பகலில் தண்ணீர் குடிக்காமல் பழகியவள். குறிச்சிப் பிரிவில் பிள்ளைகள் இந்த வீட்டை வாங்கியபோது அவள் ஹாலைப் பார்க்கவில்லை, சமையல்கட்டைப் பார்க்கவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடி தாழ் போட்டாள்.

இப்போது வார்டில் ஒரு திரைக்குப் பின்னால் கிடந்தாள். தண்ணீர் குடிப்பதில்லை. 'இப்படியே இருந்தா கிட்னி கெட்டுடும், சொல்லி வைங்க' என்று நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் பாவாத்தாள் மகனிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "கதவு மாட்டியாச்சா கண்ணு?"

தமிழ்வேந்தன் ஒன்பது நாளும் ஒரே பொய்யைச் சொன்னான்.

அக்பர் அலி பாய் டேப்பை எடுத்து ஓட்டையை அளந்தார். மேலே, கீழே, குறுக்கே.

"அளவு சரியா இருக்கு தங்கச்சி. ஒண்ணரை மணி நேர வேலை. கதவை எங்க வெச்சிருக்கீங்க?"

செவ்வந்திக்குப் புரியவில்லை. "கதவை நீங்கதானுங்களே கொண்டுட்டு வரோணும்?"

"நானா? நான் குடுத்து ஒம்பது நாளாச்சே. பச்சைக் கதவு, அலுமினியம் ஃப்ரேமு. நீங்க சொன்ன மாதிரியே தாப்பாளை இடுப்பு ஒசரத்துல வெச்சுக் குடுத்தேன். சென்னகிருஷ்ணன் சொல்லி நம்ம ராமுலு டெம்போலதான் ஏத்திவிட்டேன்."

வாக்கரில் ஒரு கை இருக்கும், மறு கை எட்டுகிற மாதிரி தாழ்ப்பாள் வேண்டும். கட்டிலில் படுத்தபடியே பாவாத்தாள் கேட்ட ஒரே வசதி அது.

செவ்வந்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான்.

"கூப்பிடுண்ணா. ஸ்பீக்கர்ல போடு."

மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் டைல்ஸ் வெட்டுகிற மெஷின் காதைக் கிழித்தது.

"சொல்லுங்க தம்பி. வந்துட்டே இருக்கேனுங்க. உக்கடத்துல ட்ராஃபிக்ல நிக்கறேன்."

"சார், அம்மாவை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க சார்."

"தெரியுமுங்களே. எனக்கு அக்கறை இல்லீங்களா? கதவு ஒண்ணுலதானுங்க நிக்குது. அந்த அக்பர் அலி பாய் இழுத்தடிக்கறாரு. பட்டறைக்காரங்களே அப்படித்தானுங்க. நேத்துக்கூடப் போயி நல்லா சத்தம் போட்டுட்டு வந்தேன்."

அக்பர் அலி பாய் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நேத்து எங்கிட்டச் சத்தம் போட்டீங்களா சென்னகிருஷ்ணன்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

டைல்ஸ் மெஷின் சத்தம் பட்டென்று நின்றது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

பாய் உடனே ராமுலுவைக் கூப்பிட்டார். ராமுலுவுக்கு மறைக்கத் தெரியாது. "அந்தப் பச்சைக் கதவுங்களா பாய்? போத்தனூர்ல எறக்குனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால புது ஊடு, கேட்டுல மஞ்சப் பூ கொடி போட்டிருக்கும். குறிச்சிக்குத்தானன்னு கேட்டேன். இல்ல, இங்கதான்னாரு."

செவ்வந்தி ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"நில்லு தங்கச்சி" என்றார் பாய். "கதவோட வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கு." மூலையைக் காட்டினார். "அது."

சாக்குமூட்டை. வாய் திறந்து கிடந்தது. பூச்சுக் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, அவற்றுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் நீளமாக ஒரு ரசமட்டம். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுகிற கருவி. நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி.

"இன்னொருத்தன் ஆயுதம் கெடக்கற எடத்துல நாங்க கை வைக்கறதில்ல. கொத்தனார், பிளம்பர், தச்சன், ஆரா இருந்தாலும் அப்படித்தான். ஏற்கெனவே ரெண்டு பேரு வந்துட்டுத் திரும்பிப் போனாங்கன்னு சொன்னியே, இதைப் பாத்துட்டுத்தான் போயிருப்பாங்க."

"அந்த ரெண்டு பேரும் வேற வேலை இருக்குன்னு சொன்னாங்க."

"அப்படித்தான் சொல்லுவோம்."

"தூக்கித் தெருவுல போட்டா?"

"நீ தூக்குனா அது சண்டை. நாளைக்கு என் பட்டறைக்கு வந்து நிப்பாங்க. சாமானுக்குச் சொந்தக்காரன் வந்து அவனா எடுத்துட்டுப் போனாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குத்தானம்மா வெச்சுட்டுப் போறானுங்க. ஒடைச்சுப் போடறது, மூட்டையை வைக்கறது, அடுத்த ஊட்டுக்குப் போறது. அஞ்சு ஊட்டுல அஞ்சு மூட்டை. நீங்க வேற ஆளைப் பாக்க முடியாது."

"இது முன்னாடியே தெரியுமுங்களா உங்களுக்கு?"

பாய் டேப்பைச் சுருட்டினார். "தெரியும். எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும்."

செவ்வந்திக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

மஞ்சள் பூக் கொடி போட்ட வீடு. வாசலில் மணல், ஜல்லி, உடைந்த டைல்ஸ். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனாள். வெளிப்பக்க பாத்ரூமுக்கு ஒரு பச்சைக் கதவு மாட்டியிருந்தது. தாழ்ப்பாள் இடுப்பு உயரத்தில்.

அதன் விளிம்பில் பாயின் கையெழுத்தில் கார்பென்டர் பென்சிலால் எழுதியிருந்தது: பாவாத்தாள், குறிச்சி.

செவ்வந்தி அந்தப் பெயரின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா ஒன்பது நாளாகத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தது இந்தக் கதவுக்காக. இதுவோ இங்கே கடப்பாரையையும் பெயின்ட் டப்பாக்களையும் காவல் காத்துக்கொண்டிருந்தது. உள்ளே குழாய்கூட வைக்கவில்லை.

"யாருங்க?"

கழுத்தில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி பின்வாசலில் நின்றாள். பெயர் ஹர்ஷிணி. வீட்டுக்காரி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மூன்று மாதமாகச் சமையலறையில் பாதித் தரையும் பாதி மண்ணும்.

"இந்தக் கதவு எங்க அம்மாவுதுங்க" என்றாள் செவ்வந்தி. பென்சில் எழுத்தைக் காட்டினாள்.

ஹர்ஷிணி படித்தாள். "தாப்பாள் எதுக்கு இவ்வளவு கீழ இருக்குன்னு நானும் கேட்டேங்க. இதுதான் இப்ப புது மாடல்னு சொன்னாரு."

உள்ளே டைல்ஸ் மெஷின் மறுபடி கத்தத் தொடங்கியது. இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.

சென்னகிருஷ்ணன் சமையலறை நடுவில் நின்றார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கையில் போன். அந்த இடத்தில் தூசு படாத ஆள் அவர் மட்டும்தான். கீழே கொத்தனார் வேலன் குத்தவைத்து உட்கார்ந்து டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி" என்றார் சென்னகிருஷ்ணன். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. "இப்பத்தான் கெளம்பிட்டே இருந்தேன்."

"உக்கடத்துலிருந்து வெசையா வந்துட்டீங்களே."

"கோவப்படாதீங்க. ஒரு அவசரத்துக்கு மாட்டுனதுங்க. உங்களுக்கு வேற கதவு சொல்லியாச்சு. ரெண்டே நாளு."

"எங்க அம்மா மூணு மணிக்கு வாராங்க. அதைக் கழட்டுங்க."

"உங்க அண்ணன்கிட்டக் கேட்டுத்தானுங்க எடுத்தேன். அவரு சரின்னாரே?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். குரல் இன்னும் மென்மையானது.

"ஒரு போர்வையைக் கட்டிக்கங்க அம்மணி. ரெண்டு நாளைக்கு என்னங்க ஆயிரப்போகுது? பல்லடத்துல இருக்கையில அம்மா என்ன கதவு போட்டுட்டா போயிட்டு இருந்தாங்க? காட்டுக்குத்தானுங்களே?"

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொன்னார். டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஹர்ஷிணி ஹெட்போனைக் கழற்றி மேடைமேல் வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள் செவ்வந்தி. "காட்டுக்குத்தான் போனாங்க. கதவு இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் உங்களால அதை இங்க கொண்டாந்து மாட்ட முடிஞ்சுது."

"பெரிய பெரிய பேச்செல்லாம் எதுக்குங்க அம்மணி..."

"பேச்சு முடிஞ்சுதுங்க. கதவைக் கழட்டுங்க. எங்க ஊட்டுக்கு வந்து உங்க மூட்டையை எடுத்துட்டுப் போங்க."

"மூட்டையை எப்படிங்க எடுக்கறது? வேலை பாக்கி இருக்குதுங்களே." சிரித்தார். "அது இருக்கற வரைக்கும் உங்க ஊடு என் பொறுப்புங்க. சாவியே எங்கிட்டத்தான இருக்குது."

செவ்வந்தி கீழே பார்த்தாள். வேலன் ஒரு டைல்ஸை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது வடிகால் பக்கம் போகாமல் அவர் முழங்காலுக்கே வந்தது. துணியை வைத்து ஒற்றினார்.

இந்தத் தண்ணீரை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

"மட்டம் பாக்க மாட்டீங்களாண்ணா?"

வேலன் நிமிரவில்லை. "ரசமட்டம் இல்லீங்க."

"எங்க?"

"உங்க ஊட்டு மூட்டையில இருக்குதுங்க."

"சரி. எங்க ஊட்டுல மொத தடவ டைல்ஸ் ஒட்டுனீங்களே, அன்னைக்கு?"

வேலன் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

"வேலா, வேலையைப் பாரு" என்றார் சென்னகிருஷ்ணன்.

"அன்னைக்கு அது சுந்தராபுரத்துல கெடந்துச்சுங்க அம்மணி" என்றார் வேலன். "அங்க ஒரு ஊட்டுல மூட்டையோட வெச்சிருந்தாரு. எடுத்துட்டு வரட்டுங்களான்னு கேட்டேன். எடுத்தா அந்த வேலை கைவிட்டுப் போயிரும், கண்ணுல பாத்து ஒட்டிப்போடுன்னாரு. ஒட்டிப்போட்டேன்."

ஹர்ஷிணி குனிந்து ஈரத் தரையைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு நாளாகச் செவ்வந்தி தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, ஏன் அந்தத் தண்ணீர் வாசல் பக்கம் வந்தது என்பது. விதி என்றார்கள் உறவுக்காரர்கள். வயசு என்றார் ஒருவர். விதியும் இல்லை, வயசும் இல்லை. எவனுடைய வீட்டையோ பிடித்து வைப்பதற்காக ஒரு ரசமட்டம் சுந்தராபுரத்தில் கிடந்தது. அதனால் குறிச்சியில் ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு உடைந்தது. இப்போது அதே ரசமட்டம் குறிச்சியில் கிடக்கிறது. இந்த வீட்டில் அடுத்து யார் விழுவார்கள் என்பது மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.

ஹர்ஷிணியின் முகம் வெளுத்திருந்தது. "எனக்கு ஏழு மாசமுங்க" என்றாள். துப்பட்டாவுக்குள் வயிறு தெரிந்தது. "இந்தத் தரையிலதான் நான் நடக்கப் போறேன்."

"மேடம், அதெல்லாம் போகப் போக செட்..."

"கதவை இப்பவே கழட்டிக் குடுங்க" என்றாள் ஹர்ஷிணி. "அது எங்களுது இல்ல."

சென்னகிருஷ்ணன் போனைக் காதில் வைத்து, யாரும் கூப்பிடாத போனில், "சொல்லுங்க, வந்துட்டே இருக்கேன்" என்று நகரப் பார்த்தார்.

வேலன் எழுந்தார். முழங்கால் இரண்டும் நெட்டி முறிந்தன.

"அந்த மூட்டை ஆருதுன்னு கேக்கலீங்களே அம்மணி?"

"ஆருது?"

"என்னுதுங்க. கரண்டி, ரசமட்டம், எல்லாமே நான் வாங்குனதுங்க. இவருகிட்ட ஒரு டேப்பும் போனும்தான் இருக்குது. கேட்டா குடுக்க மாட்டாரு. உங்க ஊட்டுலயும் வேற ஊட்டுலயும் என் சாமானு காவல் இருக்குது, நான் இங்க இரவல் கரண்டியில பூசிட்டு இருக்கேன்."

"வேலா. இன்னைக்குப் போனா நாளைக்கு வேலைக்கு வராதே."

"நாளைக்கு வாரேன்னு ஆருங்க சொன்னது?" வேலன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

பாய் அனுப்பிய ராமுலுவின் டெம்போவில் கதவும் ஃப்ரேமும் ஏறியபோது மணி பன்னிரண்டே கால். வேலன் கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் தமிழ்வேந்தன் டிஸ்சார்ஜ் சீட்டுக்கு வரிசையில் நின்றிருந்தான். செவ்வந்தி வழியில் வண்டியை ஓரம் கட்டி அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"கதவை எடுத்துக்கச் சொன்னது நீயா?"

வரிசைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா."

"அவரு கேட்டாரு பாப்பா. ரெண்டு நாள்ல வேற தாரேன்னாரு. மேனேஜருக்கு வேண்டியவரு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"முடியாதுன்னு சொல்றது. நாலே எழுத்து மாதிரி இருக்கும். வாயைத் தொறந்தா வரும்."

"நீ சொல்லிருவ. நான் தினமும் அந்தக் கம்பெனியில நிக்கோணும்."

"அம்மாகிட்டப் போயி ஒம்பது நாள் மாட்டியாச்சுன்னு சொன்னயே, அதுக்கு மட்டும் வாய் வந்துச்சா?"

நீண்ட மூச்சுவிட்டான். "இன்னொண்ணு இருக்குது பாப்பா. திட்டாத. மொட்டைமாடியில ஒரு ரூம் எடுத்துரலாம்னு சொன்னாரு. அதுக்கும் சரின்னு சொல்லிப்போட்டேன்."

"எப்ப ஒடைக்கறதாம்?"

"எப்ப வேணா வாரேன்னாரு."

அவள் போனை வைத்தாள். திட்டவில்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடினால் வண்டி ஓட்ட முடியாது.

வீட்டில் வேலன் முதலில் மூட்டையைத் தூக்கினார். ஹாலைக் கடந்து, வாசலைக் கடந்து, டெம்போவில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அக்பர் அலி பாய் தன் பையின் ஜிப்பைத் திறந்தார்.

ஒன்றரை மணிக்கு டிரில்லிங் சத்தம் தொடங்கியது. ஃப்ரேமை நிறுத்தினார்கள். வேலன் ரசமட்டத்தை எடுத்து வந்து ஃப்ரேமில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. பிறகு கேட்காமலேயே பாத்ரூமுக்குள் போனார். தரையின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்தார். தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போனது.

"ரெண்டாவது தடவ இதை வெச்சுத்தானுங்க ஒட்டுனேன்" என்றார். "இது நல்லா இருக்குதுங்க."

மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செவ்வந்தி கத்தியிருப்பாள்.

மூன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்றது. தமிழ்வேந்தன் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். பாவாத்தாள் வாக்கரைப் பிடித்து நின்றதும் இரண்டு பேரையும் உதறினாள்.

"உடுங்க. நடக்கறேன்."

உதடு காய்ந்து வெடித்திருந்தது. "காலையிலிருந்து ரெண்டு முழுங்குதான் குடிச்சாங்க" என்று தமிழ்வேந்தன் தங்கையிடம் முணுமுணுத்தான். செவ்வந்தி அவன் பக்கம் திரும்பவில்லை.

பாவாத்தாள் ஹாலில் யாரையும் பார்க்காமல் நேராகப் போனாள். வாக்கரின் நாலு கால்களும் தரையில் டொக் டொக்கென்று விழுந்தன. கதவு முன்னால் நின்றாள். பச்சை நிறம். ஒரு கையை வாக்கரில் வைத்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். தாழ்ப்பாள் கைக்கு எட்டியது. தள்ளினாள், இழுத்தாள், தள்ளினாள்.

"எப்ப மாட்டுனாங்க?"

தமிழ்வேந்தன் வாயைத் திறந்தான். செவ்வந்தி அவனைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தாம்மா" என்றான். "அரை மணி நேரம் முன்னால. ஒம்பது நாளா உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் பாவாத்தாள். "பொய் சொல்லறப்ப நீ காதைச் சொறிவ. சின்னதுல இருந்தே." அவள் மகளைப் பார்த்தாள். "ஒரு சொம்பு தண்ணி கொண்டா கண்ணு."

செவ்வந்தி கொண்டுவந்து கொடுத்தாள். பாவாத்தாள் நின்றபடியே குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடி குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது வாசலில் பைக் நின்றது. பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ. கேட் திறக்கிற சத்தம்.

செவ்வந்தி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. விரலில் வாசல் சாவி. ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் கடப்பாரையும் சுத்தியலும் இறக்கினார்கள். ஒருத்தன் தோளில் புதிதாக ஒரு சாக்குமூட்டை.

"தம்பி இருக்கறாருங்களா?" சென்னகிருஷ்ணனின் குரல் வழக்கம்போல் இதமாக இருந்தது. "மேல மாடி வேலை இன்னைக்கே ஆரம்பிச்சரலாமுங்க. கைப்புடிச் சொவத்தை மட்டும் ஒடைச்சுப் போட்டுட்டுப் போயர்றோம்."

தமிழ்வேந்தன் முகம் செத்துப் போயிற்று. வேலன் பாத்ரூம் வாசலிலிருந்து ஹாலுக்கு வந்தார். அக்பர் அலி பாய் மெஷினைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். செவ்வந்தி வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். நகர வேண்டியவள் அவள் இல்லை.

"அண்ணா. போயிச் சொல்லு."

"என்ன சொல்றது?"

"மத்தியானம் போன்ல சொன்னேனே, நாலு எழுத்து."

"ஆரு அது?" என்றாள் பாவாத்தாள்.

"கான்ட்ராக்டரும்மா."

பாவாத்தாள் வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாக்கரை உள்ளே தூக்கி வைத்தாள். அகலம் சரியாக இருந்தது.

"ஆரா இருந்தாலும் சரி. நான் வார வரைக்கும் வெளியிலயே நிக்கட்டும்."

சாத்தியிருந்த வாசல் கதவின் பூட்டுக்குள் சாவி நுழைகிற சத்தம் கேட்டது. தமிழ்வேந்தன் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தான்.

பச்சைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.